காணாமல் போனவரைத் தேட போலீஸ் இணையதளம்: நெல்லைக்காரர்கள் எப்படிப் பயன்படுத்துவது?

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத சடலங்களையும் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. காசு கிடையாது, ஸ்டேஷன் படியேற வேண்டாம். ஆள் போய் வருஷக்கணக்காகியும் துப்புக் கிடைக்காத குடும்பத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் இரண்டையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். கேட்ட கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வெறுங்கைதான்.

முதல் கோளாறு மாவட்டம். சேரன்மகாதேவி பக்கம் ஆற்றோடு போனவர் சுத்தமல்லி அணைக்கட்டில் தட்டலாம். வெள்ளக் காலமென்றால் மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரைகூடப் போகலாம். அவை தூத்துக்குடி மாவட்டம். தண்டவாளத்தில் கிடந்த உடல் ரயில்வே போலீஸ் கணக்கு. மாநகரக் காவலும் மாவட்டக் காவலும் வேறு வேறு. தென்காசி 2019 நவம்பரில்தான் பிரிந்தது என்பதால் கடையம், ஆலங்குளம் பக்கத்துப் பழைய வழக்குகளைப் புது மாவட்டத்தில் மட்டுமல்ல, நெல்லையிலும் தேடுங்கள். ஆக நெல்லை மாநகரம், நெல்லை மாவட்டம், தென்காசி, தூத்துக்குடி, ரயில்வே என்று ஐந்து இடத்திலும் பார்த்தால்தான் தேடியதாக அர்த்தம்.

தேதியிலும் இதே கதை. பதிவில் இருப்பது உடல் கண்டெடுத்த தேதி, இறந்த தேதி அல்ல. காட்டிலோ பாழுங்கிணற்றிலோ கிடந்தது மாதங்கள் கழித்து எலும்புக்கூடாகத் தெரியவரும். ஆகவே ஆள் போன நாளில் தொடங்கி இன்றுவரை தேடுங்கள். வயது உத்தேசமாகப் போடுவது. முன்னும் பின்னும் பத்து வருஷம் விட்டுப் பாருங்கள்.

அடையாளக் குறிப்புதான் உயிர்நாடி, அதுதான் பலவீனமும். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீரில் கிடந்த உடல் ஓரிரு நாளில் உப்பி மிதக்கும். முகம் வீங்கி, தோல் கறுத்து உரியும். அதனால் ‘மாநிறம்’, ‘கருப்பு’ என்று எழுதியிருப்பதை நம்பி யாரையும் தள்ளிவிடாதீர்கள். முகம் மாறினாலும் சட்டைக் காலருக்குள் இருக்கும் தையற்கடை லேபிள் மாறாது. அரைஞாண் கயிறு, மெட்டி, பச்சை குத்தியது, விழுந்த பல், எலும்பில் வைத்த பிளேட், இவற்றை வீட்டில் முதலில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தேட உட்காருங்கள். படங்கள் பார்க்கக் கூடியவை அல்ல. பெற்றவர்களை எதிரே உட்கார வைக்காமல், நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் பார்த்து வடிகட்டுவது நல்லது.

பொருந்துவதுபோல் ஒன்று கண்ணில் பட்டால் ஸ்டேஷன் பெயர், குற்ற எண், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சந்தேக மரணம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ல் இருக்கும். அதற்குப் பிந்தையது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 194. நேராக ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) பிணவறைக்கு ஓடுவதில் பலனில்லை. உரிமை கோர ஆள் வராத உடலைச் சில நாளில் அடக்கம் செய்துவிடுவார்கள். ஸ்டேஷனில் போட்டோ, உடைகள், பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். டி.என்.ஏ. பார்க்க அம்மா, அப்பா அல்லது பிள்ளையின் ரத்தம் வேண்டும். கூடப்பிறந்தவரின் ரத்தம் அவ்வளவு உறுதி தராது. இதெல்லாம் விசாரணை அதிகாரி மூலம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். போஸ்ட்மார்ட்டத்தில் எலும்போ பல்லோ எடுத்து வைக்காமல் விட்டிருந்தால், தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுப்பது ஒன்றே வழி.

எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி நன்று. 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் வந்த உச்சநீதிமன்ற உத்தரவு. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் பெண்பிள்ளை வழக்கு தளத்தில் இல்லையென்றால் பதிவே ஆகவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

மொத்தத்தில் தளத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். வழக்கை மூடிவிட்டார்களா என்பதற்கு இந்தத் தளத்தை நம்பக்கூடாது. அதற்குப் புகார்தாரருக்கு வரும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ்தான் (வழக்கை முடித்துவிட்டோம் என்று போலீஸ் அனுப்புவது) ஆதாரம். வீடு மாறியிருந்தால் புது விலாசத்தை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று நோட்டீஸ் வந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆட்சேபம் போடலாம், மேல்விசாரணையும் கேட்கலாம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடுவதானால், யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடிப்படை கையில் இருக்க வேண்டும்.