தொங்கும் வயிற்றுத் தோல்: காப்பீட்டில் பானிகுலெக்டமியா, கைக்காசில் டம்மி டக்கா?

131 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வந்தேன். எடை குறைப்பதற்கான பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு இரண்டு வருஷ உழைப்பு. எடை போய்விட்டது, தோல் போகவில்லை. முந்தானையை மடித்துச் செருகியது போல அடிவயிற்றுத் தோல் தொடை வரை தொங்கியது. மதுரை வெயிலில் அந்த மடிப்பு காய்ந்த நாளே கிடையாது. பழைய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். மதியத்துக்குள் துணி ஈரமாகி வாடை வந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு துணி. பாவாடை நாடா பட்ட இடத்தில் தோல் உரிந்து நீர் வடியும்.

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பானிகுலெக்டமி. தொங்கும் தோலையும் அதோடு சேர்ந்த கொழுப்பையும் மட்டும் வெட்டி எடுப்பார்கள். இன்னொன்று அப்டாமினோபிளாஸ்டி, எல்லோரும் டம்மி டக் என்று சொல்வது. இதில் விலகிப்போன வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைப்பார்கள், தொப்புளை இடம் மாற்றி வைப்பார்கள், இடுப்புக்கு வடிவம் வரும். அழகு என்று பார்த்தால் இரண்டாவதுதான், அதில் விவாதமே இல்லை. எனக்குச் சொன்ன செலவு முதலாவதற்கு 1,55,000 ரூபாய், இரண்டாவதற்கு 2,40,000. நான் முதலாவதைத்தான் செய்துகொண்டேன், அதுவும் காப்பீட்டில்.

'பிளாஸ்டிக் சர்ஜரிக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் வராது' என்று பலரும் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியை எடுத்து, கோட் 08 என்ற பத்தியைப் படியுங்கள். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இந்த வாசகத்தை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி ஆக்கியது. அழகுக்காகச் செய்யும் அறுவைக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே பத்தியில் விதிவிலக்கும் தருகிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சை. அந்தத் தேவையைச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். பானிகுலெக்டமிக்கு இருக்கும் கதவு இது ஒன்றுதான்.

அந்தக் கதவைத் திறப்பது தேதி போட்ட ஓபி சீட்டுகள். அறுவை மருத்துவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கடைசி வாரத்தில் அவர் எழுதித் தரும் ஒரு கடிதம் மட்டும் போதாது. மடிப்பில் திரும்பத் திரும்பப் புண் வருகிறது, பூஞ்சைத் தொற்று இருக்கிறது, இன்ன களிம்பு கொடுத்தோம், ஆறியது, மறுபடி வந்தது என்று ஒவ்வொரு முறையும் தோல் மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். நான் ஏழு மாதத்தில் ஆறு முறை போனேன். முதல் இரண்டு சீட்டில் வெறும் 'ராஷ்' என்றுதான் இருந்தது. மூன்றாவது முறை வாய் திறந்து கேட்டேன்: "டாக்டர், எந்த இடத்துல, எத்தனாவது தடவைன்னு எழுதிக் குடுங்க." அவர் மறுக்கவில்லை. 'இன்டர்ட்ரைகோ' (தோல் மடிப்பில் வரும் புண்) என்று நோயின் பெயரை எழுதினார், மடிப்பு எதுவரை தொங்குகிறது என்றும் குறித்தார். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடை பில்லைப் பின் பண்ணி வைத்தேன். புண் இருக்கும்போதே தேதியோடு போட்டோ எடுத்தேன். எடுக்கக் கூச்சமாக இருக்கும், எடுங்கள். மாதாமாதம் எடைச் சீட்டும் வேண்டும். ஆறு மாதமாவது எடை ஏறாமல் இறங்காமல் நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவு சேர்த்தும் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி, கிடைக்கவில்லை. மருத்துவமனை காப்பீட்டு டெஸ்க்கில் இருந்த தம்பி எஸ்டிமேட்டைக் காட்டி, "அக்கா, மேல 'டம்மி டக்'னு போட்டுட்டாங்க, இது பாஸ் ஆகாதுக்கா" என்றான். அவன் சொன்னபடியே மறுப்பு வந்தது. அச்சடித்த படிவத்தில் ஒரு வார்த்தை! செய்யப்போகும் சிகிச்சையின் சரியான பெயரை எஸ்டிமேட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பார்த்துவிட்டு மட்டும் அட்மிட் ஆகுங்கள். நான் கைப்பணம் கட்டி அறுவையை முடித்து, திருத்திய தாள்களோடு, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டேன். அதையும் மறுத்தார்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். கோட் 08-ன் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சீட்டு ஆதாரம் என்று எண் கொடுத்தேன். 1,28,000 வந்தது. வயிற்றுக்குக் கட்டும் பெல்ட் போன்றவற்றுக்குத் தரவில்லை.

அங்கேயும் மறுத்திருந்தால் நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போயிருப்பேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனத்தின் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், பதிலே வராவிட்டால் ஒரு மாதம் கழித்துப் போகலாம்.

டம்மி டக்குக்கும் நியாயம் உண்டு. புண்ணே வராத, ஆனால் தொங்கும் தோலால் மனசு நொந்திருப்பவர்களுக்குக் காப்பீடு கைகொடுக்காது. அவர்கள் ஏழு மாதம் சீட்டு சேர்ப்பதில் பயன் இல்லை, பணம் சேர்ப்பதே மேல். பிரசவத்தில் தசை விலகியவர்களுக்குப் பானிகுலெக்டமி பாதி வேலைதான். எனக்கும் மேல்வயிறு இன்னும் கொஞ்சம் முன்தள்ளித்தான் இருக்கிறது. என் தோழி ஒருத்தி கைக்காசில் முழுதாகச் செய்துகொண்டாள். புடவை கட்டினால் அவளுக்கு அமைகிற மாதிரி எனக்கு அமையாது.

இரண்டையும் ஒரே ஆபரேஷனில் செய்து, தோல் வெட்டும் பகுதிக்கு மட்டும் காப்பீட்டில் கேட்கலாம் என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். மொத்தப் பில்லையும் அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் நான் அதற்குப் போகவில்லை. போகிறவர்கள் இரண்டு எஸ்டிமேட்டாகப் பிரித்து வாங்கி, முன்கூட்டியே எழுத்தில் பதில் கேளுங்கள்.

கைத்தோலுக்கும் தொடைத்தோலுக்கும் நான் கேட்டுப் பார்க்கவில்லை. எனக்கு அங்கே புண் வந்ததில்லை, காட்ட ஒரு சீட்டும் இல்லை. வயிற்றைப் பொறுத்தவரை, இந்தச் சித்திரையில் வேட்டித் துணி இல்லாமல் பஸ்ஸில் போய் வந்தேன்.