பாகூர் வாய்க்கால் இலைக்கு எந்த மைக்ரோஸ்கோப்?

அண்ணன் மகள் புதுச்சேரியில் எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், உப்புத் தண்ணீரில் நீர்ச்செடியின் குளோரோபிளாஸ்ட் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்பு) என்ன ஆகிறது என்பதை புராஜெக்டாக எடுத்திருக்கிறாள். "அத்தை, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம் இருந்தாத்தான் மதிப்பாங்களாமே?" என்று போனில் கேட்டாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒளியின் கட்சி.

சாதாரண ஒளி நுண்ணோக்கியிலிருந்து ஆரம்பிக்கலாம். பாகூர்ப் பக்கம் வாய்க்காலில் கிடைக்கும் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலை இரண்டே செல் தடிமன். பிளேடால் சீவ வேண்டியதே இல்லை. அதே வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டு, மேலே கவர் ஸ்லிப், 40 எக்ஸ் லென்ஸ், அவ்வளவுதான். பச்சைப்பயறு போன்ற குளோரோபிளாஸ்ட்கள் செல்சுவரை ஒட்டி நகர்வது தெரியும். விளக்குச் சூட்டில் இலை வெதுவெதுப்பானதும் ஓட்டம் வேகமெடுக்கும். வில்லியனூர்த் தேர் வீதி சுற்றுவது போல, செல்லின் ஓரமாகவே சுற்றி வரும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அந்தப் பயறுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் இது கையை விரித்துவிடும். லென்ஸைக் குறை சொல்ல முடியாது. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியை விட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும் என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே சொல்லிவிட்டார். நல்ல ஆயில் லென்ஸில் இந்த எல்லை சுமார் 200 நானோமீட்டர். குளோரோபிளாஸ்ட் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் இருப்பதால் தப்பித்தது. புரதம் செய்யும், சுமார் 25 நானோமீட்டர் ரைபோசோமுக்கெல்லாம் இங்கே இடமே இல்லை.

அடுத்தது ஃபுளோரசன்ஸ், அதாவது ஒரு நிற ஒளி பட்டால் வேறு நிறத்தில் ஒளிர்வதைப் பார்க்கும் நுண்ணோக்கி. இதற்கும் எல்லை கிட்டத்தட்ட அதே 200தான், ஆனால் கறுப்புப் பின்னணியில் நாம் தேடும் உறுப்பு மட்டும் ஒளிரும். குளோரோபிளாஸ்ட்டுக்குச் சாயம்கூட வேண்டாம். நீல ஒளி பட்டால் பச்சையம் தானே சிவப்பாக மினுங்கும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ரோடமின் 123 என்ற சாயம் இருக்கிறது. அதன் சவ்வில் மின்னழுத்தம் இருக்கும்வரைதான் சாயம் உள்ளே சேரும். அதனால் உறுப்பு எங்கே இருக்கிறது என்பதோடு வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இதன் சனியன், சாயம் வெளுத்துப்போவது. ஒருமுறை விளக்கை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் இருட்டு. ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒளி பட்ட இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு கறுப்புத் திட்டு, சுற்றிலும் எல்லாம் பழையபடி ஜொலித்தது. கான்ஃபோகல் என்ற லேசர் வகையில், ஃபோகஸுக்கு வெளியிலிருந்து வரும் மங்கலான ஒளியை ஒரு நுண்துளை வடிகட்டிவிடும், படம் சுத்தமாக வரும். வெளுப்பு அங்கேயும் உண்டு.

சரி, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்? 1931இல் எர்ன்ஸ்ட் ருஸ்கா குழு தொடங்கிவைத்தது. செல் வெட்டுகளில் ஓரிரு நானோமீட்டர்வரை போகலாம். குளோரோபிளாஸ்ட்டுக்குள் தோசைகளை அடுக்கியது போன்ற சவ்வு அடுக்குகளான கிரானா, மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்பு எல்லாம் இதில்தான் தெளிவாக வெளிப்பட்டன. பதிலுக்கு அது கேட்பது செல்லின் உயிரை. பதப்படுத்த குளூட்டரால்டிஹைடு, ஆஸ்மியம், இறுக்கிவைக்க ரெசின், பிறகு வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் சீவல், கடைசியில் வெற்றிடம். ஓட்டம் என்று ஒன்று இருந்த தடயமே இருக்காது. படமும் கறுப்பு வெள்ளைதான், பாடப்புத்தக வண்ணங்கள் பிறகு பூசியவை.

சீவலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. புடலங்காயைக் குறுக்கே நறுக்கிய ஒரு வட்டத்தை மட்டும் பார்த்தவர் அதை எலுமிச்சை என்றுகூடச் சொல்லலாம். உயிருள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியா நீண்ட இழைகளாகச் சேர்ந்து பிரிந்து கொண்டிருக்கும்; நம் மனதில் பதிந்திருப்பதோ அவரைவிதை. பாக்டீரியாவில் மீசோசோம் என்றொரு உறுப்பு இருப்பதாகவே கொஞ்ச காலம் நம்பினார்கள். பதப்படுத்தும் ரசாயனம் கிளப்பிய சுருக்கம் அது என்று 1970களில் தெரிந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு ஜாதி வந்திருக்கிறது. ஸ்டெஃபான் ஹெல்லின் முறையில் ஒளிரும் புள்ளியைச் சுற்றி மெதுவடை வடிவ லேசரைப் போட்டு ஓரங்களை அணைத்துவிடுவார்கள். நடு ஓட்டை மட்டும் ஒளிரும். அபேயின் எல்லையைத் தாண்டியதற்காக 2014 வேதியியல் நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது. எனக்குப் பிடித்தது 2015இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த குறும்பு: குழந்தைகளின் டயாப்பரில் இருக்கும் பாலிமரைச் செல்லுக்குள் வளர்த்து, தண்ணீர் ஊற்றி, மாதிரியையே நாலரை மடங்கு உப்ப வைத்துவிட்டார்கள். அப்புறம் சாதாரண கான்ஃபோகலே சுமார் 70 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டும். இதற்கும் செல்லைக் கொன்றுதான் ஆக வேண்டும்.

ரைபோசோமின் அணு அமைப்பை முதலில் கண்டறிய இவை எதுவும் போதவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பெற்றது எக்ஸ்ரே படிகவியலால்.

அண்ணன் மகளின் கேள்வி குளோரோபிளாஸ்ட்டின் ஓட்டத்தைப் பற்றியது. எந்த உப்பளவில் அது நிற்கிறது என்பதைக் கல்லூரி ஒளி நுண்ணோக்கியிலேயே, மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்துவிடலாம். நிற்பதற்குச் சற்று முன்பும் நின்ற உடனேயும் எடுத்த இரண்டே மாதிரிகளை எலக்ட்ரானுக்கு அனுப்பினால் போதும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் அனுப்பி, அழகான சாம்பல் படங்களை வைத்துக்கொண்டு முழித்தவள் நான்.

"கல்லுப்பா, லேப் சோடியம் குளோரைடா?" என்று நேற்று மறுபடி போன். லேப் உப்புதான் என்றேன்.