நிஜ லேபா, சிமுலேஷனா, தொலைநிலை லேபா?

எல்லாவற்றையும் கணினியிலேயே செய்து பார்க்கலாமே, பொறியியல் மாணவருக்கு லேப் எதற்கு என்று கேட்கிறார்கள். 741 என்ற ஆப்-ஆம்பை, அதாவது சிக்னலைப் பெருக்கும் ஒரு சிப்பை, பத்து மடங்கு பெருக்கியாக அமைத்து, 1 வோல்ட் உயரமுள்ள 100 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்துப் பாருங்கள். சிமுலேஷனில் குறையே இல்லாத மாடலைப் போட்டிருந்தால் 10 வோல்ட் சதுர அலை பளிச்சென்று வரும். மேசை மேல், அலையை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பிலோ சதுரம் போய் முக்கோணம் நிற்கும், அதுவும் ஏறத்தாழ 2.5 வோல்ட்தான், ஏனென்றால் அந்தச் சிப்பின் வெளியீடு மைக்ரோ வினாடிக்குச் சுமார் 0.5 வோல்ட்தான் நகரும், அலையின் ஒவ்வொரு பாதிக்கும் கிடைப்பதோ 5 மைக்ரோ வினாடி. முழு 741 மாடலைப் போட்டால் சிமுலேஷனிலும் இது தெரியும், சரி, ஆனால் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஒருமுறை அந்த முக்கோணத்தைப் பார்த்துக் குழம்பியவருக்குத்தான்.

சிமுலேஷனின் பலத்தை நான் மறுக்கவில்லை. மின்தடையை நூறு விதமாக மாற்றலாம், எதுவும் எரியாது, 1973-இல் ஸ்பைஸ் என்ற சுற்று சிமுலேஷன் மென்பொருள் வந்ததிலிருந்து சுற்று வடிவமைப்பே அதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் அதில் எந்த இரு புள்ளிகளுக்கு நடுவிலும் அளக்கலாம். நிஜ ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப் பொதுவாக மின் இணைப்பின் எர்த்தோடு சேர்ந்தது, சுற்றும் எர்த் ஆகியிருக்கும்போது நடுப்புள்ளியில் மாட்டினால் அந்த இடமே ஷார்ட் ஆகிவிடும். அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதிதான் என்பது அங்கே கையோடு புரிகிறது.

தொலைநிலை லேப் இடைப்பட்டது. ஸ்வீடனில் உருவான விசிர் அமைப்பில் திரையில் ஒயர் இழுத்தால் எங்கோ ரிலேக்கள் நிஜப் பாகங்களை இணைக்கும். அளவுகள் உண்மையானவை, ஆனால் அனுமதிக்கப்பட்ட இணைப்புகள் மட்டுமே. 2002-இல் சான் டியேகோவில் கூடிய பொறியியல் கல்வியாளர்கள் வகுத்த 13 லேப் நோக்கங்களில் தோல்வியிலிருந்து கற்பதும் ஒன்று, அதற்கு இங்கே இடம் குறைவு.

என் ஓட்டு நிஜ லேபுக்குத்தான், ஒரு நிபந்தனையோடு. மேனுவலில் இருக்கும் படிகளை வரிசையாகச் செய்து, எதிர்பார்த்த எண்ணை ரெக்கார்டில் எழுதும் லேபை விட நல்ல சிமுலேஷனே மேல். முதலில் சிமுலேஷனில் கணித்துவிட்டு வரட்டும், அப்புறம் அளக்கட்டும், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதியதற்கே மதிப்பெண் கொடுங்கள். நேரம் போதாதென்றால் சோதனைகளைப் பாதியாகக் குறைக்கலாம்.