உப்பில்லாமல் ருசியாகச் சமைத்துத் தரும் காரைக்குடி மெஸ்

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய வீட்டின் முன்கட்டில் நடக்கும் சின்ன மெஸ். மொத்தமே ஆறு மேசை, மதியச் சாப்பாடு மட்டும்தான். ஏழு மாதமாக வாரத்துக்கு நாலு நாள் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

எனக்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் ரத்தக்குழாய்களில் ஸ்டென்ட் (சுருங்கிய குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்திருக்கிறார்கள். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 190க்குக் கீழே இறங்காமல், ஒரு ராத்திரி நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டி மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில்தான் அடைப்பு தெரிந்தது. குழாய் சுருங்கினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். உடம்பு முழுக்கவே பிரஷர் விழுந்துவிட்டது என்று நினைத்து சிறுநீரகம் ரெனின் என்ற பிரஷர் ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும். அதனால் ரத்தக்குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும், பிரஷர் மேலே மேலே ஏறும். இந்த அடைப்பு உள்ள பலருக்கு மாத்திரையே போதுமாம். எனக்கு நுரையீரல்வரை போய்விட்டதால் ஸ்டென்ட்.

“அதான் ஸ்டென்ட் வச்சாச்சே, இனி என்ன?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஸ்டென்ட்டுக்குள்ளேயும் மறுபடி சுருங்கலாம். மாத்திரையும் உப்புக் கட்டுப்பாடும் விடக்கூடாது. நாள் முழுக்கச் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும். ஊறுகாயும் மோர்மிளகாயும் உப்புக்கண்டமும் இல்லாமல் இலை போடாத ஊரில் இது லேசான காரியமில்லை.

சரி, மெஸ்ஸுக்கு வருகிறேன். சாதத்தில் உப்பு கிடையாது. பொரியலில் உப்பு போடும் முன்பே எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுகிறார்கள். குழம்புதான் சிக்கல். புளியைக் கரைக்கும்போதே உப்பையும் சேர்த்துக் கரைப்பதுதான் நம் வீட்டுப் பழக்கம். அதனால் மெஸ்ஸில் சமைக்கும் ஆச்சி எனக்கென்று சின்ன மண்சட்டியில் தனியாகக் கூட்டி வைக்கிறார். சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் சிவக்க வதங்கியிருக்கும். முதல் வாய் சப்பென்றுதான் இருந்தது. மூன்றாவது வாயில் புளிப்பும் சோம்பும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. மிளகுக் கோழி அதைவிட மேல். கல்பாசி, அன்னாசிப்பூ வாசத்தோடு வரும் அந்த வறுவலில் எலுமிச்சை பிழிந்தால் உப்பு நினைவுக்கே வருவதில்லை. பரிமாறும் பையன் என் இலையைப் பார்த்ததும் ஊறுகாய்க் கரண்டியை மடக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவான். அப்பளமும் அப்படியே.

ஒரு நாள் ஆச்சி, “அண்ணே, சோடியம் கம்மியா உள்ள உப்புன்னு பாக்கெட்ல விக்கிறாங்களே, அதைப் போட்டுத் தரவா?” என்று ஆசையாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். அதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் சரியாக வெளியேற்றாமல் ரத்தத்தில் பொட்டாசியம் மிஞ்சினால் இதயத்துக்கு ஆபத்து. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எனக்கு 1.6, கொஞ்சம் அதிகம்தான்; நான் போடும் பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. சிறுநீரகக் கோளாறு உள்ள யாரும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

குறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு தடவை ரசம் மாறி வந்துவிட்டது. பாதி குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆச்சி இலை பக்கத்தில் வந்து நின்று கலங்கிப்போனார். மறுநாளிலிருந்து எனக்கு வரும் கிண்ணங்களின் மூடியில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் பையன் என் இலையில் ஊற்றுகிறான். அப்புறம் தப்பு நடக்கவில்லை. இருந்தாலும் ஞாயிறு போக வேண்டாம் என்பேன்.

சாப்பாடு 130 ரூபாய். தனிச் சட்டிக்குத் தனிக் காசு வாங்குவதில்லை. காலை பத்து மணிக்குள் போனில் சொல்லிவிட வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் வெண்டைக்காய் மண்டி வெள்ளிக்கிழமை மட்டும்தான். உப்பில்லாமல் வேண்டுமென்றால் வியாழனே சொல்லிவையுங்கள்.