லேவுக்கு எந்த வழி: ஸ்ரீநகரா, மணாலியா?

லடாக்கின் முக்கிய நகரான லேவுக்குச் சொந்தக் காரில் செல்ல நினைப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஸ்ரீநகர் வழியாக ஏறுவதா, மணாலி வழியாக ஏறுவதா என்பதே. நாங்கள் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்கினோம். மறுபடி போக நேர்ந்தாலும் இந்த வரிசையை மாற்றமாட்டேன்.

தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே ஏறத்தாழ 420, 430 கிலோமீட்டர்தான். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு மணாலிப் பாதையில் 46 கிலோமீட்டரும், ரோத்தாங் கணவாயின் நெரிசலும் மிச்சமாயின. 2025 ஜனவரியில் சோனாமார்க் சுரங்கப்பாதை வந்ததால் ஸ்ரீநகர்ப் பாதையும் சற்று எளிதாகியிருக்கிறது. காட்சிக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதானால் மணாலிப் பாதையையே சொல்வேன். ஆனால் முடிவு செய்ய வேண்டியது காட்சியை வைத்து அன்று. காற்று மெலிந்த உயரத்துக்கு உடல் மெல்லப் பழக வேண்டும் என்பதால், முதல் ஓரிரு இரவுகளில் எவ்வளவு உயரத்தில் படுக்கிறோம் என்பதை வைத்துத்தான்.

ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டால் அன்றைய மிக உயரமான இடம் ஜோஜி லா (லா என்றால் கணவாய்). அதுவே 3,528 மீட்டர்தான். அதைக் கடந்து திராஸ் வழியாக இரவு தங்கப் போகும் கார்கிலோ 2,676 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. பகலில் உயரே ஏறி இரவில் தாழ்வான இடத்தில் உறங்குவது என்று மலையேறுவோர் கடைப்பிடிக்கும் முறை, இந்தச் சாலையில் நாம் எதுவும் செய்யாமலே அமைந்துவிடுகிறது. மறுநாள் நமிகா லா, அதன்பின் இப்பாதையின் உச்சமான 4,108 மீட்டர் ஃபோட்டு லா, லாமாயுரு மடம் என்று ஏறி இறங்கி, 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேவை அடையும்போது உடல் ஓரளவு பழகியிருக்கும். ஜோஜி லாவில் மட்டும் பொறுமை வேண்டும்: தார் இல்லாத சேற்றுத் தடத்தில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக, எதிரே வரும் லாரிக்குப் பக்கக் கண்ணாடியை மடக்கித்தான் வழிவிட முடிந்தது. சில நேரங்களில் ஒரு திசை வாகனங்களை மட்டுமே அனுமதிப்பார்கள். மழைமேகங்களை மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கணவாய்க்கு இப்பால் ஊசியிலைக் காடும் அப்பால் புல்லும் அரிதான பழுப்பு மலையுமாக நிலம் மாறுவதை வண்டியிலிருந்தே பார்க்கலாம்.

மணாலிப் பக்கமாக ஏறுகிறவர்கள் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்கும்வரை தொல்லை இல்லை. அதற்கு மேல் பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுங் லா, 5,300 மீட்டரைத் தாண்டும் டாங்லாங் லா என்று நான்கு கணவாய்கள் இருக்கின்றன. ஒரே நாளில் முடிக்க இயலாதவர்கள் 4,290 மீட்டர் சர்ச்சுவிலோ, அதைவிட உயரமான பாங்கிலோ கூடாரத்தில் படுக்கிறார்கள். இரண்டுமே லேவைவிட உயரம். தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் முற்றினால் உடனே கீழே இறங்குவதே மருந்து என்பார்கள். ஆனால் இவ்விரண்டு இடங்களிலும் எந்தத் திசையில் இறங்க நினைத்தாலும் முதலில் ஒரு கணவாயை ஏறியாக வேண்டும். என் கணக்கில் மணாலிப் பாதை பின்தங்குவது இந்த ஒரு காரணத்தால்தான்.

அதே பாதை இறங்கும்போது சுகமாக இருக்கிறது. லேவில் சில நாள் தங்கிப் பழகிய உடலுக்கு மோரே சமவெளியின் நேர்சாலையும் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா சுற்றுகளும் விருந்துதான்.

இது காரில், செப்டம்பரில் கண்டது. பைக்கில் செல்பவர்களுக்கு ஜோஜி லா சேறு கூடுதல் கவலையாக இருக்கலாம். அதில் என் சொல்லைவிட ஓட்டியவர்கள் சொல்லுக்கே மதிப்பு அதிகம்.

விடுமுறையோ வாகன ஏற்பாடோ காரணமாக மணாலி வழியாகத்தான் ஏற வேண்டும் என்றால், கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவுகள் தங்கி, தொட்டி நிறைய எரிபொருளுடன் விடியுமுன் கிளம்பி, சர்ச்சுவில் தங்காமல் லே போய்ச் சேர்வது நல்லது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையின் குறுக்கே பாயும் நாலாக்களில் (ஓடைகளில்) பிற்பகலில் நீர் பெருகும் என்பதாலும் காலைப் புறப்பாடே உகந்தது.