வன்னிக் கூரையில் ஒரு டிஷ், லீக்கின் கடைசி எட்டு ஆட்டங்கள்

பங்குனி மாதக் கடைசி ஞாயிறு பிரித்தானியாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்துவார்கள். அதுவரை சனி இரவு 8.30க்குத் தொடங்கிய பிரீமியர் லீக் ஆட்டம் அதன் பிறகு 7.30க்குத் தொடங்கிவிடும். பழைய நினைப்பில் 8.30க்கு ரிவியைப் போட்டால் இரண்டாம் பாதிதான் கிடைக்கும். அந்த ஞாயிறு வரும்போது 38 ஆட்டங்களில் எட்டு, ஒன்பதுதான் மிஞ்சியிருக்கும். சம்பியன் யாரென்று முடிவாவது அந்த எட்டில்தான். வன்னியில் வானம் இடிக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு வரை, மாங்குளத்தில் இருந்து மல்லாவி வரை ஓட்டுக் கூரையிலும் தகரக் கூரையிலும் மேற்கைப் பார்த்தபடியோ உச்சியைப் பார்த்தபடியோ நிற்கிற டிஷ்களைப் பற்றியது இந்த மதிப்பீடு. எந்தக் கம்பனியின் டிஷ் என்பதல்ல விடயம். பட்டத்துக்கு மோதுகிற ஒரு அணியின் ரசிகருக்கு அந்தக் கடைசி எட்டு ஆட்டத்தில் அது கைகொடுக்குமா என்பதுதான் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: கைகொடுக்கும். காசுக்குப் பெறுமதியான பொருள்தான். ஆனால் பூட்டியவர் விட்டுப்போன நிலையிலேயே விட்டால் கொடுக்காது. மாசி கடைசியில் அரை நாள் ஒதுக்கி அதைத் திருத்தவேண்டும். காலபோக அறுவடைக் காசு கையில் இருக்கிற நேரமும் அதுதான்.

ஒரு சீசன் முழுக்கப் படம் நன்றாக வந்தது, ஒரு நாள் பத்து நிமிடம் நின்றால் என்ன என்று மற்றவர்கள் கேட்கலாம். லீக்கைப் பின்தொடர்கிறவருக்கு அந்தப் பத்து நிமிடத்தின் பெறுமதி தெரியும். 2014 வைகாசி 5இல் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் லிவர்பூல் 3-0 என்று முன்னுக்கு நின்றது. 79ஆம் நிமிடத்துக்கும் 88க்கும் இடையில் மூன்று கோல் வாங்கி 3-3 ஆனது. எங்கள் நேரத்தில் அது நடுச்சாமம் தாண்டி இரண்டு மணி. 2012இல் மன்செஸ்டரின் இரண்டு அணிகளும் 89 புள்ளியோடு சமமாக நிற்க, கோல் வித்தியாசம்தான் (சிட்டிக்கு 64, யுனைடெட்டுக்கு 56) பட்டத்தைத் தீர்த்தது. அதற்கும் சிட்டியின் அகுவேரோ கடைசி நாளில் 93 நிமிடம் 20 செக்கனில் அடிக்கவேண்டியிருந்தது. 2019 தை மாதம் லிவர்பூலின் பந்தொன்றை சிட்டியின் ஸ்டோன்ஸ் கோல் கோட்டில் இருந்து வெளியே அடித்தார். முழுவதும் கோட்டைத் தாண்ட 11.7 மில்லிமீற்றர் குறைந்தது. அந்த ஆட்டத்தை 2-1 என்று சிட்டி வென்றது. வைகாசியில் கணக்குப் பார்த்தால் சிட்டி 98, லிவர்பூல் 97. இப்படிப்பட்ட விளையாட்டில், டிஷ்ஷையும் ரிவியையும் இணைக்கிற பெட்டி ஒருக்கால் நின்று எழும்ப எடுக்கிற ஒன்றரை நிமிடம் சின்ன நேரமல்ல.

ஆர்சனல் ரசிகர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2022-23 சீசனில் 248 நாள் முதலிடத்தில் இருந்த அணி அது. சித்திரையில் லிவர்பூலிடம் 2-2, வெஸ்ட் ஹாமிடம் 2-2, சவுதாம்டனிடம் 3-3 என்று வரிசையாகச் சமன் செய்து, பிறகு சிட்டியிடம் 1-4 என்று தோற்றது. முதல் இரண்டிலும் 2-0 என்று முன்னுக்கு நின்றுதான் விட்டது. வெஸ்ட் ஹாம் ஆட்டம் சித்திரை 16ஆம் திகதி, எங்கள் நேரம் பின்னேரம் 6.30. சித்திரையில் பின்னேரம் 6.30க்கு வன்னி வானம் எப்படி இருக்கும் என்று இங்கே எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

பகல் முழுக்கக் காய்ந்த நிலத்தின் வெக்கையில் மத்தியானத்துக்குப் பிறகு முகில் எழும்பும். இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில்தான் இடியும் மின்னலும் மும்முரம். இதை ஆட்ட நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். சித்திரையில் சனிக்கிழமை முதல் ஆட்டம் பின்னேரம் 5.00, அடுத்தவை 7.30, கடைசி இரவு 10.00. ஞாயிறு என்றால் 6.30, 9.00. ஐந்து மணி ஆட்டமும் ஆறரை மணி ஆட்டமும்தான் ஆபத்தானவை. ஏழரை மணி ஆட்டத்தின் முதல் பாதி பாதிக்கப்படலாம். பத்து மணி ஆட்டத்துக்கு வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும். உங்கள் அணிக்கு எந்த நேரம் விழுந்திருக்கிறது என்று அட்டவணை வந்தவுடனேயே பார்த்து வையுங்கள்.

மழையில் படம் நிற்பதற்கு டிஷ்ஷைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். உண்மையில் இந்தச் சின்ன டிஷ்கள் வாங்குகிற கே.யூ. என்ற வகை அலையை மழைத்துளி உறிஞ்சிவிடும். கனத்த மழையில் எந்த டிஷ்ஷும் கொஞ்ச நேரம் தடுமாறும். மழை உங்கள் வளவில் பெய்யவேண்டும் என்றும் இல்லை. டிஷ் பார்க்கிற திசையில் இரண்டு மூன்று கிலோமீற்றரில் ஒரு கருமுகில் நின்றாலே போதும். ஆனால் கனத்த மழைக்கு ஐந்து நிமிடம் நிற்பது வேறு, தூறலுக்கே அரை மணித்தியாலம் நிற்பது வேறு. இரண்டாவது பிழை டிஷ்ஷில் இருக்கிறது, அதைத் திருத்தலாம்.

அறுபது சென்ரிமீற்றர் டிஷ் ஒரு பாகை திரும்பினால் வெயில் நாளில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. படம் அப்படியே பளிச்சென்று இருக்கும். மழைக்கென்று மிச்சம் வைத்த பலம்தான் குறைந்திருக்கும். முதல் தூறலில் குட்டு வெளிப்படும். இங்கே டிஷ் திரும்புவதற்குக் காரணங்கள் பல. மார்கழி வாடைக் காற்று, அதில் குந்துகிற மயில், கூரையால் ஓடுகிற குரங்கு, சரியாக இறுக்காத சுரை. வைகாசியில் சோளகம் தொடங்கினால் நாள் முழுக்க ஒரே திசையில் இருந்து தள்ளும். கடைசி இரண்டு கிழமை ஆட்டங்கள் சோளகத்துக்குள்தான் நடக்கும்.

றிமோட்டில் மெனுவுக்குள் போனால் சிக்னல் பக்கம் இருக்கும். இரண்டு கோடு காட்டும்: ஒன்று வலிமை, மற்றது தரம். பலர் வலிமையைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். பார்க்கவேண்டியது தரத்தை. புதிதாகப் பூட்டிய அன்று தரம் எவ்வளவு என்று பெட்டியின் அடியில் பேனையால் எழுதி வையுங்கள். மாசியில் வெயில் நாளொன்றில் திரும்பப் பாருங்கள். குறைந்திருந்தால் ஒருவர் ரிவிக்கு முன்னால் நிற்க, மற்றவர் 10, 13 நம்பர் ஸ்பனரோடு ஏறவேண்டும். சுரைகளைக் கழற்றாமல் டிஷ் கையால் அசைகிற அளவுக்கு மட்டும் தளர்த்தி, இடம் வலமாக விரல் அகலத்தின் பாதி நகர்த்தி, மூன்று நான்கு செக்கன் பொறுத்து எண்ணைக் கேட்கவேண்டும். பெட்டி உடனே காட்டாது. அவசரப்பட்டால் சரியான இடத்தைத் தாண்டிவிடுவீர்கள். பிறகு மேல் கீழாகவும் அதேபோல. இறுக்கும்போது சுரைகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முதலில் முழுக்க இறுக்கினால் அந்த இறுக்கமே டிஷ்ஷைத் திருப்பிவிடும். கம்பம் ஆடினால் இதெல்லாம் வீண். தகரக் கூரை மரத்தில் அடித்த கம்பத்தைவிட, வளவுக்குள் இரண்டு அடி ஆழக் கிடங்கில் கொங்கிறீற் போட்டு நட்ட இரண்டு அங்குலக் குழாய்தான் சோளகத்துக்கு நிற்கும்.

அடுத்தது எவரும் திறந்து பார்க்காத இடம். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி நின்று அலையை வாங்குகிற எல்.என்.பி.யின் அடியில் கேபிள் வந்து திருகுகிற முனை. அதைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஊசிபோல நிற்கிற செம்புக் கம்பி மினுங்கவேண்டும். வன்னியில் ஒரு மாரி கண்ட முனையில் அது பச்சைக் களிம்பு பிடித்து, சுற்றியுள்ள வெள்ளிப் பின்னல் கறுத்து, சில நேரம் உள்ளே எறும்பு முட்டையும் வைத்திருக்கும். இதைத் துடைத்துப் பூட்டுவதில் பயனில்லை. கேபிளில் ஓர் அடியை வெட்டி எறிந்து, உள்ளே செம்பு பளபளக்கிற இடத்தில் புது முனை போடவேண்டும். மேலே நீர் புகாத ரேப்பை கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்புகள் ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தண்ணீரை வெளியே விடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போகும், சுவருக்குள் வராது. எல்.என்.பி.யின் முகத்து மூடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தால் அதையும் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். மூடி வெடித்திருந்தால் எல்.என்.பி.யையே மாற்றுவதுதான் நல்லது.

இனி மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று செக்கன் என்றால் ஒரு கிலோமீற்றர். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் கழற்றவேண்டும். பிளக்கை மட்டும் இழுத்தால் போதாது. கூரையில் இருந்து வருகிற கேபிளையும் பெட்டியில் இருந்து கழற்றவேண்டும். எரிகிற பெட்டிகளில் பல அந்தக் கேபிள் வழியாகத்தான் எரிகின்றன. பட்டத்துக்கான ஆட்டத்தில் இதைச் செய்ய மனம் விடாது, தெரியும். ஆனால் சித்திரையில் பெட்டி எரிந்தால் புதுப்பெட்டி வந்து பூட்டுப்பட முன்னம் வைகாசி வந்துவிடும்.

போனின் இடம் இங்கேதான் வருகிறது. போனை முதல் வழியாகப் பரிந்துரைக்க முடியாது. ஏ9 ஓரத்தில் நன்றாக இழுக்கிற இணைப்பு ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள்ளே போகப் போகத் தேயும். ஞாயிறு இரவு எல்லோரும் போனில் இருக்கிற நேரம் இன்னும் தேயும். நடுத்தரப் படத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபி போகும். உயர்தரப் படம் என்றால் ஐந்துக்கு மேல். மின்னலுக்குக் கழற்றுகிற நேரத்துக்கென்று மூன்று ஜிபியைத் தொடாமல் வைத்திருங்கள், படத்தின் தரத்தைக் கையால் குறைத்து விடுங்கள். தானாக மாறட்டும் என்று விட்டால் நல்ல கட்டத்தில் ஏறி, அடுத்த நிமிடம் சுற்றத் தொடங்கும்.

கரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. 32 அங்குல எல்.ஈ.டி. ரிவியும் பெட்டியும் சேர்ந்து 65 வாற் அளவு. கணினிக்கு விற்கிற சின்ன யு.பி.எஸ்.ஸில் உள்ள 7 அம்பியர் மணி பற்றறி புதிதாக இருந்தால் ஒரு பாதி ஆட்டம் தாங்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். 12 வோல்ற், 40 அம்பியர் மணி பற்றறியை இன்வேட்டரோடு போட்டால், பாதிக்குமேல் இறக்காமல், மூன்று மணித்தியாலம் ஓடும். யு.பி.எஸ். சின்னதென்றால் பெட்டியை மட்டும் அதில் போடுங்கள். ரிவி பத்துச் செக்கனில் எழும்பிவிடும், பெட்டிதான் நேரம் எடுக்கும்.

காசு கட்டி எடுக்கிற அலைவரிசைப் பொதியைப் பற்றிச் சுருக்கமாக. விளையாட்டு அலைவரிசைகள் எல்லாப் பொதியிலும் இல்லை. ஒளிபரப்பு உரிமையும் சீசனுக்குச் சீசன் கைமாறும். பங்குனி கடைசியில் ஐ.பி.எல். தொடங்கிவிடும். அதன் இரவு ஆட்டமும் 7.30க்குத்தான். முதன்மை அலைவரிசை கிரிக்கெட்டுக்குப் போனால் உதைபந்தாட்டம் இரண்டாம், மூன்றாம் அலைவரிசைக்குத் தள்ளப்படும். அவை உங்கள் பொதியில் இருக்கிறதா என்று காசு கட்ட முன்னம் கேளுங்கள். முப்பது நாள் பொதி போடுகிறவர்கள் கடைசி ஞாயிறில் இருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கவேண்டும். கிளிநொச்சியில் இருக்கிறவருக்கு லண்டனில் இருக்கிறவருக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு: பிரித்தானியாவில் சனி பின்னேரம் 2.45 முதல் 5.15 வரை உதைபந்தாட்டத்தை நேரடியாக ஒளிபரப்பத் தடை. ஈஸ்ட் ஹாமில் இருக்கிற மச்சான் ரிவியில் பார்க்க முடியாத மூன்று மணி ஆட்டத்தை விசுவமடுவில் கதிரையைப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் இணைப்பு இல்லாத பெடியளுக்குச் சனசமூக நிலைய ரிவிதான் வழி. அங்கே நாலு பேர் சேர்ந்து இந்த அரை நாள் வேலையைச் செய்தால் நாற்பது பேர் பார்க்கலாம். நிலையப் பொறுப்பாளர் ஐயாவிடம் இரவு 12 மணி வரை திறப்பை வாங்கி வைப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

கடைசி நாள் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும், பெரும்பாலும் எங்கள் நேரம் இரவு 8.30க்கு. டிஷ்ஷில் ஒரு ஆட்டத்தைத்தான் பார்க்க முடியும். மற்ற மைதானத்தில் நடப்பதற்குப் போனை எடுக்கவேண்டி வரும். குழப்பமும் அங்கேதான் தொடங்கும். மைதானத்தில் விழுந்த கோல் டிஷ்ஷுக்குச் சில செக்கன் பிந்தி வரும், போன் படத்துக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும். ஆனால் கோல் அறிவித்தலும் லண்டன் வாட்ஸ்அப்பும் எல்லாவற்றுக்கும் முன்னம் வந்து நிற்கும். 2022 கடைசி நாளில் 75ஆம் நிமிடம் சிட்டி 0-2 என்று பின்னால், லிவர்பூல் 1-1. லிவர்பூலுக்கு ஒரே ஒரு கோல் கிடைத்தால் முதலிடம். அடுத்த ஆறு நிமிடத்துக்குள் குண்டோகான், ரொட்ரி, திரும்பவும் குண்டோகான் என்று சிட்டி மூன்று அடித்தது. லிவர்பூலுக்குச் சலாவின் கோல் 84இல் வந்தது, மூன்று நிமிடம் பிந்தி. அப்படியொரு இரவில் உங்கள் அணியின் ஆட்டத்தை டிஷ்ஷில் பாருங்கள். அறிவித்தல்களை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வையுங்கள். மற்ற ஆட்டத்தின் நிலைமையை ரிவித் திரையின் மூலையிலேயே காட்டுவார்கள். தரக் கோட்டை அன்று பின்னேரம் நாலு மணிக்கே ஒருக்கால் பாருங்கள். சுரை இறுக்க வெளிச்சம் வேண்டும்.