பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடும்: 82,000 கிலோமீட்டருக்குப் பிறகு

உன் வண்டி மாதிரியே ஒன்று பழசில் வருகிறது, எடுக்கலாமா என்று நண்பன் கேட்டான். எடு, எடுக்காதே என்று ஒரு வார்த்தையில் முடிகிற பதில். நான் முக்கால் மணி நேரம் பிரேக்கைப் பற்றியே பேசியிருக்கிறேன். மைலேஜ் எவ்வளவு என்று அவன் கேட்டதற்கும் பிரேக்கைத்தான் சொன்னேனாம்.

சரி, மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 6 வருடம், 82,000 கிலோமீட்டர். இன்ஜின் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. கியர், ஏசி, சீட் எதிலும் குறையில்லை. அவ்வளவுதான்.

இனி பிரேக். 35,000 வாக்கில் ஆரம்பித்தது. 80, 90-ல் போகும்போது மெதுவாக மிதித்தால் ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறும். காலை எடுத்தால் நின்றுவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் ஏபிஎஸ் தருகிற துடிப்பு, அழுத்தி மிதித்துச் சக்கரம் வழுக்கப் பார்க்கும்போதுதான் வரும். இதுவோ தடவினாலே ஆடியது. வேகம் குறையக் குறைய உதறலும் நிதானமானது, அதாவது சக்கரம் சுற்றுகிற கணக்குக்கு ஆடுகிறது. வீல் பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக்கைத் தொடாவிட்டாலும் ஆட வேண்டும். கையில் தெரிந்ததால் முன் சக்கரம் என்று சந்தேகப்பட்டேன். பின்பக்கக் கோளாறு பெரும்பாலும் சீட்டில்தான் தெரியும்.

மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "டிஸ்க் பெண்டு." அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டு வளைந்துவிட்டதாம். மாற்றினோம், அதைக் கவ்விப் பிடிக்கிற பேடும் சேர்த்து. வண்டி அலுங்காமல் நின்றது, சத்தமில்லை, ஆட்டமில்லை. 5,000 கிலோமீட்டர் கழித்துத் திரும்ப வந்தது. லேத்தில் கொடுத்துக் கடைந்தார். நாலாயிரம் தாங்கியது. அப்புறம் இன்னும் நல்லதாக ஒரு ஜோடி டிஸ்க். அதுவும் ஐயாயிரம். நான்காவது முறை போனபோது குற்றம் என் காலுக்கு வந்துவிட்டது: பிரேக் மேலேயே கால் வைத்து ஓட்டுகிறேனாம். பல மாதம் அதை நம்பினேன். இறக்கத்தில் கியரைக் குறைத்தே இறங்கினேன். ஒரு பயனும் இல்லை.

இப்போது யோசித்தால் விடை முதல் தடவையே கண்முன் இருந்தது. புது டிஸ்க் போட்ட அன்று சுத்தமாக இருந்து, சில ஆயிரம் ஓடிய பிறகு ஆட்டம் வருகிறது என்றால், டிஸ்கைக் கெடுக்கிற வேறு ஏதோ உள்ளே இருக்கிறது. அது ஹப், சக்கரமும் டிஸ்கும் மாட்டியிருக்கிற நடுப்பாகம். டிஸ்க் உட்காருகிற முகத்தில் துரு ஏறியிருந்தால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசும். உரசி உரசி அங்கே மட்டும் மெலியும். தடிமனில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே கையில் தெரிய போதும். தலைமுடியில் பாதிகூட இல்லை அது.

இதைக் கண்டுபிடித்தது வேறொரு மெக்கானிக். வீலைக் கழற்றி, நட்டுகளை மட்டும் போட்டு டிஸ்கை இறுக்கி, மயிரிழை ஆட்டத்தையும் அளக்கிற டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். இடது பக்கம் 0.12 மில்லிமீட்டர் ஆட்டம். பிறகு டிஸ்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டினார். கேஜில் அதிகம் காட்டிய மேடு டிஸ்கோடு நகரவில்லை, ஹப்பில் இருந்த இடத்திலேயே நின்றது. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டு ஜோடி டிஸ்க் வாங்கியவன் நான்! போல்ட் அடிவரை துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகு 0.03. பேடை அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கான பின் (ஊசி) ஒன்றும் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். டிஸ்க் விளிம்பில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்துவிட்டு டிஸ்கைக் கடைந்தார், புது பேட் போட்டார்.

நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு முடுக்கினார். பழைய மெக்கானிக்கிடம் நட்டு முடுக்குகிற கன்னை வைத்து வரிசையாக டர்ரென்று அடித்து முடித்துவிடுவார்கள்; ஒரு பக்கம் கூடுதலாக இறுகினாலும் டிஸ்க் கோணும். கடைசியில் காலியான சாலையில் 60-லிருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பேடைப் பழக்கினோம்.

அதற்கப்புறம் 26,000 ஓடிவிட்டது. ஒரு தடவைகூட ஆடவில்லை. இந்த வண்டியின் பிரேக்குக்கு இணையாக இந்த அளவு வண்டிகளில் நான் ஓட்டியதில்லை. மிதித்த அளவுக்கு, மிதித்த கணத்தில் பிடிக்கிறது.

ஹப் துரு எந்த வண்டிக்கும் வரும். வண்டியின் மேல் தப்பில்லை, எனக்கே தெரியும். ஆனாலும் நண்பனிடம் எடுக்காதே என்றுதான் சொன்னேன். ஒன்றரை வருடம் கையைப் பிடித்து உலுக்கியதை இன்னொருவனிடம் நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்கமாட்டாய் என்றால் 80-ல் போய் மெதுவாக மிதித்துப் பார், டிஸ்க் புதிதாக மின்னினால் எதற்கு மாற்றினார்கள் என்று கேள் என்றேன்.

அப்படியானால் உன்னுடையதைக் கொடுக்கிறாயா என்றான். கொடுக்கமாட்டேன் என்றேன்.